ஊட்டியில் ஒரு நூல் தோட்டம்



"இந்த வயசுல தனியா எதுக்குப்பா?" என்றான் மகன். இருந்தாலும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறிவிட்டேன். 1908-இல் ஊட்டியைத் தொட்ட பல்சக்கர ரயில்.

படகு இல்லத்துக்கு எதிரே நூல் தோட்டம். பூ, இலை எல்லாம் நூல்தான். ஊசியில்லை, இயந்திரமில்லை, கையாலேயே சுற்றியது. 50 பெண்கள், 12 வருட உழைப்பாம். வங்கிக்காரன் புத்தி, பெருக்கிப் பார்த்தேன்: 600 வருடம்! பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான் ஒரு மணி நேரம் நின்றேனுங்க.

என் வீட்டுக்காரம்மா தலையணை உறையில் பூப்போடுவாள். "கடையில இருபது ரூபாய்க்குக் கிடைக்குமே" என்பேன். அவள் இருந்தவரை எத்தனையோ தடவை ஊட்டி போனோம். படகுக்கு வரிசையில் நின்றோமே தவிர, எதிர்ப்பக்கம் போனதில்லை.

அடுத்த மாதமும் போகிறேன். யாராவது வருவதானால் சொல்லுங்க, டிக்கெட் சேர்த்தே போட்டுவிடலாம்.