கார் போயிடுச்சு, இஎம்ஐ போகல

போன வாரம் சொன்ன என் கார் எக்ஸ்சேஞ்ச் கதை இன்னைக்கு.

பழைய காருக்கு ஷோரூம்ல 4 லட்சம் விலை போட்டாங்க. அதுல 2,60,000 பேங்க் லோன் பாக்கி. "லோனை நாங்களே க்ளோஸ் பண்ணிடுறோம் சார், மீதியைப் புது கார் விலைல கழிச்சுக்கலாம்"னு சேல்ஸ் தம்பி சொன்னாரு. சாவி, ஆர்.சி., கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 எல்லாம் குடுத்துட்டு ஸ்வீட் பாக்ஸோட வந்துட்டேன். இனி இஎம்ஐ இல்லைன்னு அந்த அக்கவுன்ட்ல காசும் வைக்கல. அதுதான் என் முட்டாள்தனம்.

5ஆம் தேதி மெசேஜ்: இஎம்ஐ பவுன்ஸ். ஷோரூம்ல கேட்டா, "ப்ராசஸ்ல இருக்கு சார்". ரெண்டு மாசம் இதே பாட்டு.

பேங்க்ல தெளிவா சொல்லிட்டாங்க: லோன் அக்ரிமென்ட் உங்களுக்கும் எங்களுக்கும்தான், டீலர் இதுல யாருமே இல்ல. சிபில்ல அடி வாங்கினது நான். இன்னொரு பயம், ஆர்.சி. இன்னும் என் பேர்ல. விபத்து நடந்தா பதிவுல இருக்கிறவர்தான் ஓனர்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நீங்க எக்ஸ்சேஞ்சுக்குப் போனா, முதல்ல பேங்க்ல ஃபோர்க்ளோஷர் லெட்டர் வாங்குங்க. டீலர் அந்தத் தொகையை நேரா லோன் அக்கவுன்ட்ல கட்டி ரசீது காட்டட்டும், அப்புறம் சாவி. பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரணும். லோன் முடிஞ்சதுன்னு பேங்க் சொல்ற வரைக்கும் இஎம்ஐயை நிறுத்தாதீங்க.

நான் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்த அப்புறம்தான் லோனைக் கட்டினாங்க. பவுன்ஸ் அபராதத்தை இன்னும் கேட்டுட்டு இருக்கேன்.