சிறு இன்பங்களும் ஊரின் பொதுச் சொத்தே

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பஞ்சாயத்தின் பணிகள் யாவை என்று வினவினால், குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு என்று எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். குளக்கரையில் நிற்கும் ஆலமரத்தின் நிழலையும், விடியற்காலையில் கேட்கும் பறவை ஒலியையும், மாலையில் பலரும் கூடியமரும் திடலையும் அந்த வரிசையில் எவரும் சேர்ப்பதில்லை. அவை தாமே கிடைப்பவை என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலம் நமக்கு உணர்த்தியது. அக்காலத்தில் சென்னையின் ஒரு பகுதியாகிய கோட்டூர்புரத்தில் கண்டவற்றையும், நாட்டுப்புறங்களில் நிகழ்ந்தவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, பஞ்சாயத்துகள் கைக்கொள்ளத்தக்க சில செய்திகளைக் கூற விழைகின்றோம்.

ஊராக இருந்த நகர்ப்பகுதி

கோட்டூர்புரம் அடையாற்றின் தென்கரையில் அமைந்தது. கோட்டூர் என்னும் பழைய ஊரின் பெயரே இக்குடியிருப்புப் பகுதிக்கும் வழங்கி வருகின்றது. 1988இல் தொடங்கப்பெற்ற பிர்லா கோளரங்கமும், 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்ற ஒன்பது தளங்கள் கொண்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இங்குள்ளன. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. சிறிது தொலைவில், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் உலவுகின்றன.

ஆனால் ஓர் ஊருக்குரிய வயலும் களத்துமேடும் இங்கு இல்லை. எஞ்சியிருப்பவை ஆறும், ஆற்றங்கரை மரங்களும், வீட்டு மொட்டைமாடிகளுமே. ஆறும் அமைதியாக ஒதுங்கியிருப்பதன்று. 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாடறியும். ஆற்றுக்கு உரிய இடத்தை மனிதர் மறந்தாலும் ஆறு மறப்பதில்லை என்பதை நாம் அன்று கண்டோம்.

இவ்வாற்றங்கரையில் குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த அரசு நிலம் ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டளவில் ‘நிழல்’ என்னும் தன்னார்வ அமைப்பினர், அப்பகுதி மக்களின் துணையோடு அதனைத் துப்புரவாக்கி, நம் நாட்டு மரவகைகளை நட்டுப் பேணத் தொடங்கினர். அதுவே கோட்டூர்புரம் மரப் பூங்கா. ஊரடங்கு வந்தபொழுது அம்மரங்கள் பதினான்கு ஆண்டு வளர்ந்து நின்றன. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஊரடங்கில் கண்டவை

2020 மார்ச் 22ஆம் நாள் நாடெங்கும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 25 முதல் இருபத்தொரு நாள் முழு ஊரடங்கு தொடங்கி, பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. சென்னையில் ஏப்ரல் 26 முதல் 29 வரையிலும், மீண்டும் ஜூன் 19 முதலும், கட்டுப்பாடுகள் மேலும் கடுமையாயின. நூலகம் மூடப்பட்டது, கோளரங்கம் மூடப்பட்டது, பூங்காக்களும் பூட்டப்பட்டன. இரவும் பகலும் வண்டிகள் ஓடிய கோட்டூர்புரம் பாலம் வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த அமைதியில்தான் ஊரின் ஒலிகள் கேட்கத் தொடங்கின. சித்திரை மாதத்தில் குயில் கூவுவது புதிதன்று. ஆனால் வண்டியோசை இல்லாத விடியலில் அக்கூவல் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கேட்டது. புங்கமரம் புதுத்தளிர் விடுவதையும், வேம்பு பூத்துத் தெருவில் உதிர்வதையும், சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்குவதையும் சன்னலருகே நின்று நாள்தோறும் பார்க்க நேரம் கிடைத்தது. ஆற்றோரத்தில் மடையானும் கொக்கும் இரைக்காகக் காத்து நின்றன. பல ஆண்டுகளாக அங்கு நடந்து வந்தவற்றையே மக்கள் அப்போதுதான் நின்று பார்த்தனர்.

மொட்டைமாடி அக்காலத்தில் களத்துமேட்டின் வேலையைச் செய்தது. கோடை வெயிலில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடாம் பிழிந்தனர். காக்கை வராதிருக்கக் கறுப்புக் குடையை விரித்து வைத்தனர். உடைந்த தொட்டிகளில் வெந்தயக்கீரையும் மிளகாயும் முளைத்தன. பரண்மேல் கிடந்த பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கீழே இறங்கின. அந்த ஏப்ரல் மாதத்தில் மாலைதோறும் மேற்கு வானில் வெள்ளிக்கோள் மிகுந்த ஒளியுடன் விளங்கியது. ஜூன் 21 அன்று பகுதிச் சூரிய கிரகணமும் தெரிந்தது. கோளரங்கம் பூட்டிக் கிடந்த வேளையில், வானமே குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியது.

அறை ஒன்றே வீடாக வாழ்வோர்

இவ்வின்பங்கள் அனைவர்க்கும் ஒரே அளவாகக் கிடைத்தன என்று கூறிவிடல் ஆகாது. தனி மாடியும் பல சன்னல்களும் உடையவர்க்கு ஊரடங்கு ஓய்வாக அமைந்தது. ஓர் அறையில் ஐவர் அறுவர் வாழும் குடும்பத்தினர்க்கு அது நீண்ட புழுக்கமாக இருந்தது. அன்றாடக் கூலியால் வாழ்வோர்க்கு மனக்கவலையும் சேர்ந்தது. குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் அரசு வழங்கியது பெருந்துணையாயிற்று. எனினும் குழந்தை ஓடியாட இடமும், முதியவர் காற்று வாங்க மரநிழலும் நியாயவிலைக் கடையில் கிடைப்பன அல்ல. வீட்டினுள் இடமில்லாதவர்க்கே பொதுவிடம் மிகுதியும் வேண்டும். பூங்கா பூட்டப்பட்டபோது அதன் இழப்பை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களே.

உழவர் பட்ட பாடு

நகரத்தார் குயிலோசையில் திளைத்திருந்த அதே நாட்களில் உழவர் நிலை யாதாக இருந்தது? வேளாண் பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் கோயில்கள் மூடப்பட்டுத் திருமணங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டமையால், திண்டுக்கல், மதுரை, சத்தியமங்கலம் பகுதிகளில் மலர்ந்த மல்லிகைக்கு வாங்குவோர் இல்லை. கோடையை நம்பிப் பயிரிட்ட தர்ப்பூசணி பல வயல்களில் கொடியிலேயே அழுகியது. பறித்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று விட்டுவிட்டோர் பலர். கொத்து மலர் நகரத்தார்க்குச் சிறு இன்பம். அதை விளைவித்தவர்க்கோ அது ஓராண்டு வாழ்வு.

2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, அம்மாதமே திருமழிசையில் தற்காலிகச் சந்தை இயங்கியது. கோயம்பேட்டில் வேலை செய்தோர் தத்தம் மாவட்டங்களுக்குத் திரும்பியபோது கடலூர், விழுப்புரம், அரியலூர் போன்ற இடங்களில் நோயும் உடன் சென்றது. பல நகரங்களில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் திடல்களுக்கும் மாற்றப்பட்டன. தோட்டக்கலைத் துறையின் ஏற்பாட்டில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. 2021 மே 24 அன்று தொடங்கிய தளர்வற்ற ஊரடங்கிலும் அம்முறையே கைகொடுத்தது. கோட்டூர்புரத்துச் சமையலறைக்கும் வெளியூர் வயலுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நெருக்கமானது, எவ்வளவு எளிதில் அறுபடக் கூடியது என்பதை இரு தரத்தாரும் ஒருங்கே உணர்ந்தனர்.

புதிதாய்ப் பொறுப்பேற்ற பஞ்சாயத்துகள்

அப்போதைய பஞ்சாயத்துகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடைபெற்றது. வென்றோர் 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றனர். அவர்களிற் பலர் முதன்முறையாகப் பொறுப்புக்கு வந்தவர்கள். மூன்று மாதம் நிறைவதற்குள் இப்பெருஞ்சுமை அவர்கள் தோளில் ஏறியது. தெருக்களில் கிருமிநாசினி தெளித்தல், கபசுரக் குடிநீர் வழங்கல், வெளியூரிலிருந்து திரும்பியோரைப் பள்ளிக் கட்டடத்தில் தங்கவைத்து உணவளித்தல் ஆகிய யாவும் அவர்கள் முன்னின்று செய்தவை. சில ஊர்களில் எல்லையில் முள்வேலியிட்டு, வேப்பிலையும் மஞ்சள்நீரும் வைத்தனர்.

ஏப்ரல் 20க்குப் பின்னர் நூறு நாள் வேலை மீண்டும் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கான நாட்கூலி அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்திருந்தது. நகரத்தில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்க்கு மண்வெட்டிப் பிடித்துக் குளம் தூர்வாரும் பணி சோறிட்டது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை வழக்கமான நாளிலேயே திறக்கப்பட, காவிரிப் படுகையில் குறுவைப் பணிகளும் நடந்தேறின. ஊரே முடங்கியிருந்த ஆண்டில் நாற்றங்கால் முடங்கவில்லை.

அன்று பதவியேற்றோரின் காலம் 2025 ஜனவரியில் முடிவுற்றது. ஆனால் அவர்கள் அக்காலத்தில் குளக்கரையில் ஒரு வேம்பை நட்டுக் காத்திருப்பின், அம்மரம் இன்று நிழல் தரும். பதவிக்கு ஐந்தாண்டு எல்லையுண்டு. மரத்துக்கு அவ்வெல்லை இல்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இனி, செயலுக்கு வருவோம். முதலாவதாக, ஊரின் பொதுவிடங்களைக் கணக்கெடுத்தல் வேண்டும். குளம், ஊருணி, மேய்ச்சல் புறம்போக்கு, களம், சாலையோர மரங்கள், மந்தை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எல்லை காட்டி, மக்கள் அறிய எழுதி வைத்தல் நன்று. கணக்கில் இல்லாத பொதுவிடம் நாளடைவில் யாரோ ஒருவருடைய இடமாகிவிடும். நகரை ஒட்டிய ஊர்களில் மனைப்பிரிவுகள் பெருகும் இந்நாளில் இப்பணி தள்ளிப்போடத் தக்கதன்று.

இரண்டாவதாக, நீர்நிலையில் கழிவுநீர் கலவாது காத்தல். ஊரடங்கில் தொழிற்கூடங்கள் பல நின்றன, சாலைப் புகை குறைந்தது, வானம் தெளிந்தது. ஆனால் வீடுகளின் கழிவுநீர் அடையாற்றில் கலப்பது நிற்கவில்லை. ஆகவே காற்றுத் தெளிந்தது போல ஆற்றுநீர் தெளியவில்லை. சும்மா இருந்தால் குளம் தானே தூய்மையாகிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். தெருச் சாக்கடையின் வாய் குளத்தை நோக்கியிருப்பின், அதனைத் திருப்பி உறிஞ்சுகுழிக்கு விடுவதே முதற்பணி.

மூன்றாவதாக, மரம் நடுவதைக் காட்டிலும் மரத்தைக் காப்பதற்குத் திட்டமிடுதல். விழா நாளில் நூறு கன்று நட்டு மறுகோடையில் நூறும் கருகுவதைவிட, பத்துக் கன்று நட்டுப் பத்தையும் பிழைக்கவைப்பது மேல். வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், மருது, இலுப்பை முதலிய நம் மண்ணுக்குரிய வகைகளைத் தேர்ந்து, ஆடு மாடு கடியாதவாறு முட்கூண்டு கட்டி, முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை ஊரக வேலைத் திட்டப் பணியாளரிடமோ, தெருவாரியாக மக்களிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஊரடங்கில் நிழலும் பறவையும் தந்த கோட்டூர்புரத்து மரங்கள், எவரோ பதினான்கு ஆண்டுக்கு முன்னர் நட்டு விடாது நீர் ஊற்றியதன் பயன் என்பதை மறவாதீர்.

நான்காவதாக, குழந்தைகளும் முதியவர்களும் கூட ஓரிடம். பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தமையால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டு முற்றத்திலும் தெருவோரத்திலும் பொதுக் கட்டடங்களிலும் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் நடத்தினர். ஒரு மண்டபமும் ஒரு மரத்தடியும் ஒரு விளக்கும் இருந்த ஊரில் அப்பணி எளிதாயிற்று. ஊர்ப்புற நூலகத்தின் ஓட்டை மாற்றுவதும், திடலின் முள்ளை அகற்றுவதும் வீண்செலவு ஆகா.

ஐந்தாவதாக, உழவர்கள் தனித்து நில்லாமல் குழுவாக இணைந்து, நகரத்துக் குடியிருப்புகளோடு நேர்த்தொடர்பு வைத்துக்கொள்ளுதல். இடர்க்காலத்தில் தெருவுக்கு வந்த காய்கறி வண்டி நற்காலத்திலும் வரலாம். சந்தை ஒன்றே வழி என்றிருப்போர்க்கு அச்சந்தை மூடப்படும் நாளில் வேறு வழி இராது.

கிராம சபையே இடம்

இவற்றையெல்லாம் முடிவு செய்யும் இடம் கிராம சபையே. பெருந்தொற்றினால் 2020 அக்டோபர் 2 அன்று கூடவேண்டிய சபை கூடவில்லை. 2021 அக்டோபர் 2 அன்று மக்கள் மீண்டும் ஒன்றுகூடினர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதும் ஊரின் இன்பங்களுள் ஒன்று என்பதை அவ்விடைவெளி காட்டிற்று. 2022 முதல் உலக நீர்நாளாகிய மார்ச் 22உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1உம் சபை கூடும் நாட்களாகச் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை என்றாயிற்று. 2020இல் தெருக்கள் முதன்முதலில் ஓய்ந்த நாளும் மார்ச் 22 ஆகும். அந்நாளில் கூடும் சபையில், உங்கள் ஊர்க் குளத்தையும் அதன் கரை மரங்களையும் பற்றிய தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர வேண்டுகின்றோம்.

வயலும் களமும் இழந்து நகரோடு கலந்த ஓர் ஊர், எஞ்சிய ஆற்றங்கரையையும் மரங்களையும் கொண்டே ஓர் இடர்க்காலத்தில் ஆறுதல் அடைந்தது. உங்கள் ஊர்களிலோ குளமும் களமும் மந்தையும் இன்னும் பெரும்பாலும் உள்ளன. அடுத்த இடர் நோயாக வரினும், வெள்ளமாக வரினும், கோடையின் கடும் வெப்பமாக வரினும், மக்கள் ஒதுங்க ஒரு நிழலும், குடிக்க ஒரு துறையும், கூட ஒரு திடலும் இருத்தல் வேண்டும். இருப்பதைக் காப்பது, இழந்ததை மீட்பதைவிட எளிது, செலவும் குறைவு. அப்பணியை இவ்வாண்டே தொடங்குவீர்கள் என்னும் நம்பிக்கையுடன் விடைபெறுகின்றோம்.