தராசு சொல்லும் சேதி

அங்கன்வாடி என்றதும் சத்துமாவும் மதியச் சாப்பாடும்தான் நம் நினைவுக்கு வரும். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில், பணியாளர் கையில் இன்னொரு பெரிய கருவி உண்டு. அது எடை பார்க்கும் தராசு!

மாதாமாதம் பிள்ளையின் எடையைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார். புள்ளிகளைச் சேர்த்த கோடு ஏறினால் பிள்ளை தேறுகிறது. ஏறாமல் படுத்துவிட்டால், பெற்றவள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்த உடம்பு உதவி கேட்கிறது என்று பொருள்.

இந்தப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தந்த அந்த மரியாதையைப் போல, நாம் அவர்களுக்குத் தரவேண்டிய மரியாதை ஒன்றும் இருக்கிறது. எடை பார்க்க அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டால், வேலையை ஒதுக்கிவைத்துப் பிள்ளையோடு போங்கள். "போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா?" என்று கேளுங்கள்.