வீட்டுச் சாவியும் பள்ளி வாசலும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே வேரூன்றியிருந்த சுமார் 370 தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு அது. வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்ற காரணத்தைச் சுட்டி உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி இடிப்பு நடந்தது. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சியோர் தகுதியற்றவர்கள் எனத் தள்ளப்பட்டனர்.

வீடு கிடைத்தவர்களின் நிலை என்ன? பெற்றோரின் வேலை தெற்கு தில்லியின் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. ஆக, சாவியைப் பெற்ற குடும்பம் தாய்மொழிக் கல்வியை விடுவதா, வீட்டை விடுவதா என்ற கேள்வியோடு நிற்கிறது.

ஏழைக் குடும்பங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவது அவர்களுடைய குழந்தைகளின் எதிர்காலத்தை உயர்த்துமா? இக்கேள்வியை அமெரிக்கா அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறது. சிகாகோ நகர வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பின மக்களைத் திட்டமிட்டே தனிப் பகுதிகளில் அடைத்து வைத்தது என்று 1966இல் டோரதி கோட்ரோ என்ற பெண்மணியும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். 1976இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் விளைவாக, 1998 வரையில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை மானியத்துடன் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன.

1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்களைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. குலுக்கலில் தேர்வான ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் மட்டுமே பயன்படுத்தத்தக்க வாடகைச் சீட்டு வழங்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேரால்தான் அதைப் பயன்படுத்த முடிந்தது. பெரியவர்களின் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டன, வருமானம் உயரவில்லை. பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. வீடு மாறியபோதும் பெரும்பாலோர் அதே நகரக் கல்வி நிர்வாகத்தின் கீழுள்ள, முன்பிருந்ததைவிடச் சிறிதே மேலான பள்ளிகளில்தான் சேர்ந்தனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ராஜ் செட்டி, நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கேட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் அப்பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுடைய வருமானத்தை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். 13 வயதிற்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குச் சென்றவர்கள், இருபதுகளின் நடுப்பகுதியில், ஒப்பீட்டுப் பிரிவினரைவிட 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தனர். கல்லூரிக்குச் செல்வோரும் கூடினர். 13 வயதைக் கடந்தபின் இடம்பெயர்ந்தோருக்கு அந்த நன்மை கிட்டவில்லை. சிறிது பாதகமே நேர்ந்ததாகத் தெரிகிறது.

முதலாளித்துவ ஆய்வு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறு. ஒரு குழந்தையின் வாழ்வு முப்பது சதவீதம் மேம்படுவது சிறிய செய்தியன்று. அதே வேளையில், இத்திட்டம் சில குடும்பங்களை ஏழைப் பகுதியிலிருந்து வெளியே எடுத்ததே தவிர, அப்பகுதிகளை ஏழ்மையில் வைத்திருந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. சீட்டு கிடைக்காதவர்களின் பிள்ளைகள் பழைய தெருவிலேயே, பழைய பள்ளியிலேயே இருந்தனர். இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஒப்பான சான்று அகமதாபாத்தில் கிடைக்கிறது. 1987இல் பெண் பீடித் தொழிலாளர்களுக்கு, நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் கட்டப்படும் வீடுகளுக்கான குலுக்கல் நடத்தப்பட்டது. பங்கேற்ற 497 பேரில் 110 பேருக்கு வீடு கிடைத்தது. ஷரோன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகினி பாண்டே ஆகியோர் பின்னாளில் இரு தரப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதத்தினர் அங்கே குடியேறவே இல்லை. மேலும் 32 சதவீதத்தினர் 14 ஆண்டுகளுக்குள் வெளியேறிவிட்டனர். வீட்டின் தரம் உயர்ந்திருந்தது. குடும்ப வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும் மாற்றமில்லை. உற்றார் உறவினரிடமிருந்து விலகியதால், நோய் நொடி வந்தால் கைமாற்றுக்குக்கூட ஆளில்லாத நிலை ஏற்பட்டது. கட்டாயமின்றி, விரும்பிக் குலுக்கலில் சேர்ந்தவர்களின் நிலையே இது.

புல்டோசர் துரத்திய குடும்பங்களின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 2004இல் யமுனா புஷ்தாவிலிருந்து பவானாவுக்கும் ஹோலம்பி கலானுக்கும் விரட்டப்பட்ட மக்களுக்கும், சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட மக்களுக்கும் அனுபவம் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்கக் குழந்தை வறுமை செறிந்த பகுதியிலிருந்து வறுமை குறைந்த பகுதிக்குச் சென்றது. இந்தியக் குழந்தையோ, வேலையும் பேருந்தும் மருத்துவமனையும் பள்ளியும் அருகிலிருந்த நகரின் நடுவிலிருந்து, ஏழைகள் மட்டுமே குவிக்கப்பட்ட நகர விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. ஏழைகளின் குடியிருப்பைத் தீர்வு என்ற பெயரில் வேறிடத்திற்கு நகர்த்துவதே ஆளும் வர்க்கத்தின் வழி என்று எங்கெல்ஸ் 1872இல் வீட்டுவசதிப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் காட்டியது இன்றும் பொருந்துகிறது.

சட்டம் இங்கே ஊமையாக இல்லை. வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தில்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கை, அதே இடத்தில் அல்லது 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மாற்று வீடு என்பதைப் பொது விதியாகவும், அதைத் தாண்டுவதை விதிவிலக்காகவும் வைத்துள்ளது. நடைமுறையில் விதிவிலக்கே விதியாகிவிட்டது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் அமைய வேண்டும் என்பது மாதிரி விதி. அதே சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு, குழந்தை வாழும் அக்கம்பக்கத்துத் தனியார் பள்ளிகளோடு பிணைக்கப்பட்டது. நகர நடுவிலிருந்து வெளியேற்றப்படும் குழந்தை வீட்டோடு சேர்த்து அந்த உரிமையின் பயனையும் இழக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. தில்லி கல்காஜியில் பூமிஹீன் கேம்ப் மக்களுக்காக அருகிலேயே கட்டப்பட்ட 3,024 வீடுகள் 2022 நவம்பரில் திறக்கப்பட்டன. இருந்த பகுதியிலேயே மாடி வீடு சாத்தியம் என்பதற்கு அது சான்று. ஆனால் தகுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்களின் குடிசைகள் 2025 ஜூனில் அங்கேயே இடிக்கப்பட்டன என்பதையும் மறைக்கலாகாது. ஒடிசா 2017இல் இயற்றிய சட்டம், குடிசைவாழ் மக்களுக்கு, முதற்கட்டமாகச் சிறு நகரங்களில், அவர்கள் இருக்கும் நிலத்திலேயே உரிமை வழங்க வழிவகுத்தது.

எனவே, கட்சிக் கிளைகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கல்வியாண்டின் நடுவில் எந்தக் குடியிருப்பும் அகற்றப்படக் கூடாது. இருக்கும் இடத்திலேயே வீடு. இயலாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு. புதிய பகுதியில் பள்ளியும் ஆசிரியரும் பேருந்தும் வந்த பின்னரே குடியேற்றம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழி ஆசிரியர்.

கோரிக்கைக்கு முன்னே ஒரு பணி இருக்கிறது. அகற்றப்படும் அபாயமுள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும் வீட்டுப் பட்டியலோடு, எந்தக் குழந்தை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறது என்ற பட்டியலையும் கிளைத் தோழர்கள் இன்றே எடுக்க வேண்டும். இடமாற்றம் நேர்ந்தால், மூன்று மாதங்கள் கழித்து அதே பட்டியலோடு புதிய இடத்தில் வீடு வீடாகச் செல்ல வேண்டும். எத்தனை வீடு கொடுத்தோம் என்ற கணக்கை அரசு சொல்லும். எத்தனை குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றனர் என்ற கணக்கை, அந்தக் கதவுகளைத் தட்டியவர்களே சொல்ல முடியும்.