விளக்கு மங்கியது நிஜம்



குடும்பத்தில் மனுஷனை அதிகம் காயப்படுத்துவது கோபம்தான் என்று எதிரணி நண்பர் மேஜையைத் தட்டிப் பேசிவிட்டுப் போனார். (சிரிப்பு) கோபம் ஒரு ராத்திரியில ஆறிடும் ஐயா. பொய் ஆறுமா?

ஆங்கிலத்தில் ஒரு சொல்: கேஸ்லைட்டிங். மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி 2022-ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் அறிவித்தது. சமையல் கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்திலிருந்து வந்தது.

மின்விளக்கு வராத லண்டன் வீடு. சுவரில் எரிவாயு விளக்கு. ஓர் அறையில் புதுசா ஒன்றை ஏற்றினால் மற்ற அறையில் சுடர் சுருங்கும். கணவன் ராத்திரி வெளியே போறான். கொஞ்ச நேரத்தில் மனைவியின் அறையில் விளக்கு மங்குது. அவன் திரும்பி வருமுன் பிரகாசமாகுது. அவன் எங்கேயும் போகலை ஐயா! கூரை வழியாப் பூட்டிய மேல்மாடியில் இறங்கி, விளக்கேற்றி, அதே வீட்டில் முன்பு தான் கொன்ற கிழவியின் மாணிக்கக் கற்களைத் தேடுறான்.

பகலில் என்ன செய்யறான்? சுவர்ப் படத்தை அவனே ஒளிச்சு வெச்சிட்டு, "நீதான் எடுத்தே, உனக்குப் புத்தி பேதலிச்சுட்டுது"ங்கறான். அவள் அம்மா சித்தம் கலங்கி இறந்தவள். அந்தப் பயத்தில், விளக்கு மங்குவதைக்கூட அவளால் வெளியே சொல்ல முடியலை. 1944-ல் ஹாலிவுட் இதைப் படமாக்க, மனைவியாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார்.

இப்ப எதுக்கெடுத்தாலும் இந்தச் சொல்லை வீசறாங்க. சம்பளத்தில் ஐந்நூறை மறைச்சிட்டு 'பிடிச்சுட்டாங்க'ன்னா அது வெறும் பொய். (சிரிப்பு) "அதை நேத்தே உன்கிட்ட சொன்னேனே, உனக்குத்தான் எதுவும் ஞாபகம் நிக்கறதில்லை"ன்னு சொல்லிச் சொல்லியே அவளை நம்ப வெச்சா, அதுதான் கேஸ்லைட்டிங். சாதாரணப் பொய்யன் பணத்தை மறைப்பான். இவன் அவள் கண்ணையே பொய்சாட்சி ஆக்கிடறான்.

நாடகத்தில் ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி ஒருத்தர் வருகிறார். அவர் இருக்கும்போதே விளக்கு மங்குது. அவரும் பார்க்கிறார். அவள் கண் சரியாத்தான் இருக்குன்னு சொல்ல முதல் தடவையா ஒரு ஆள்!

கோபக்காரன் கத்தினா தெருவுக்கே கேட்கும், சாட்சிக்குப் பஞ்சமில்லை. (கைதட்டல்) இந்தப் பொய்க்கு யார் ஐயா சாட்சி? அதை யோசித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.