அணி விழுந்தபோது: யாழ்ப்பாணத்து நோய்களும் வைத்தியர்களின் இரண்டாம் வரிசையும்



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அந்த ஐயா ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சைக்கிள் கரியரில் குளோரின் தூள் வாளியைக் கட்டிக்கொண்டு வளவு வளவாகப் போய்க் கிணறு பார்த்தவர். அவர் பெயரில் நடக்கும் உரை நோயைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். மாணவர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்று சொன்னார்கள். ஆகவே அவர்கள் அறிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் 1963 இல் உருவாக்கிய எக்ஸ்-மென் அணியை இளையவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புயலை அழைப்பவள், மனத்தைப் படிப்பவர், உடம்பை எஃகாக்குபவன் என்று எல்லோரும் பிறவியிலேயே ஆற்றல் பெற்றவர்கள். 1993 அளவில் அந்தச் சித்திரக்கதைகளுக்குள் லெகசி வைரஸ் என்றொரு நோய் புகுந்தது. ஆற்றல் உள்ளவர்களையே அது தேடிப் பிடித்தது. எஃகு மனிதன் கொலோசஸ் தன் சின்னத் தங்கை இலியானாவை அதற்குப் பறிகொடுத்தான். மலையைப் பெயர்க்கும் கைகள் அத்தனை இருந்தும் ஒரு சிறுமியின் காய்ச்சலை இறக்க எவராலும் முடியவில்லை. எயிட்ஸ் உலகைக் கலங்கடித்த காலத்துக் கதை அது. அந்தத் துயரத்தின் நிழல் பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கும்.

மருந்தைத் தேடி அலைந்தவர்களில் மொய்ரா மக்டகேட் என்ற ஆய்வாளர் ஒருவர். அக்காலக் கதைகளின்படி அபூர்வ ஆற்றல் ஏதும் இல்லாத சாதாரணப் பெண். நோய் அவரையும் தொற்றியது. சாகும் தறுவாயில் தான் கண்டறிந்ததைப் பேராசிரியர் சேவியரிடம் சேர்ப்பித்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். அதை வைத்து பீஸ்ட் என்னும் விஞ்ஞானி மருந்தை முடிக்கிறார். 2001 இல் கொலோசஸ் அதைத் தன் உடம்பில் ஏற்றி உயிரைக் கொடுக்க, நோய் ஒழிகிறது. வாசகர்கள் அழுதது கொலோசஸுக்காக. என் மனம் நிற்பதோ மொய்ராவின் கடைசி நிமிடத்தில். தான் அறிந்தது தன்னோடு போய்விடக்கூடாது என்று ஒரு மனுஷி பதறுகிறாள். நோயை வென்றது அந்தப் பதற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு மிக நெருங்கிய ஒன்று நமது குடாநாட்டில், தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் மானிப்பாய்க்கும் இடையில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் உண்மையாகவே நடந்தது.

1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ட்ரையாட் என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்தவர்களுள் நான்கு பேர் 1816 இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டார்கள். டானியல் பூரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழையில். பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டையில். மதம் பரப்ப வந்தவர்கள். அதன் பொருட்டு நம் முன்னோருக்கு அவர்களோடு கடும் வழக்கு இருந்தது. ஆறுமுக நாவலர் அந்த வழக்கைப் பல ஆண்டுகள் நடத்தினார். அதை இந்த மேடையில் நான் தீர்க்கப் போவதில்லை. எனக்கு இன்று வேண்டியது அந்த நால்வருக்கும் நேர்ந்த கதி.

நால்வரில் வைத்தியம் கற்று வந்தவர்கள் இருவர், வாரனும் றிச்சட்ஸும். முதலில் விழுந்தவர்களும் அவர்களே. சயரோகம். இன்று காசநோய் என்கிறோம். அது எப்படி வருகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. கடற்காற்று குணப்படுத்தும் என்று நம்பி 1818 இல் இருவரும் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார்கள். வாரன் அங்கேயே இறந்தார். றிச்சட்ஸ் திரும்பி வந்து, குரல் போய், உடல் தேய்ந்து, 1822 இல் தெல்லிப்பழையில் கண்ணை மூடினார். பிறரைக் குணப்படுத்தக் கற்றவர்கள் ஆறே ஆண்டுகளில் இல்லாமல் போயினர். வைத்தியம் அறியாத பூரும் மெய்க்ஸும் எஞ்சினார்கள்.

அந்த இடத்தை நிரப்ப வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர்தான் பின்னாளில் வேலூரில் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் எழுப்பியவர். வேலூருக்குப் போய்ச் சுகமாகித் திரும்பிய யாழ்ப்பாணத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குடும்பத்தின் வைத்தியத் தொண்டு பண்டத்தரிப்பில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

இனி 1855 ஆம் ஆண்டுக்கு வருவோம். வட்டுக்கோட்டை செமினறியை 1823 இல் தொடங்கி, ஒரு தலைமுறைக்கே கணிதமும் வானியலும் கற்பித்த டானியல் பூர் அப்போது மானிப்பாயில் இருந்தார். யாழ்ப்பாண வெயிலை நெடுங்காலம் தாங்கிய உடம்பு. அந்த ஆண்டு பெப்ரவரியில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோனது.

வாந்திபேதி எப்படிக் கொல்கிறது என்பதை இன்றைய இளையவர்கள் கண்டிருக்க மாட்டார்கள், காணவும் வேண்டாம். காலையில் எழுந்து நடமாடியவர் நடுப்பகலில் அரிசி கழுவிய நீர் போலப் போகத் தொடங்குவார். சில மணி நேரத்தில் உடம்பிலுள்ள நீர் லீற்றர் லீற்றராக வெளியேறும். கண்கள் குழிக்குள் போகும். கைத்தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நிற்கும். கெண்டைக்கால் முறுக்கும். குரல் கம்மும். அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். தான் சாவதைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பயம் இன்னும் நம் வாயை விட்டுப் போகவில்லை. ‘கோதாரி விழுவான்’ என்று கிழவிகள் திட்டுவது இந்த நோயைத்தான்.

நெஞ்சை வருத்துவது இதுதான். பூர் இறப்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, 1854 செப்டெம்பரில், லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பின் கைபிடியைக் கழற்ற வைத்தார். இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, வரைபடத்தில் குறித்து, நோய் தண்ணீரில் வருகிறது என்று காட்டினார். பெரும்பாலான வைத்தியர்கள் அதை ஏற்கவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றார்கள். இதற்கும் முன்பே, 1832 இல், ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா என்பவர் சாகக் கிடந்த வாந்திபேதி நோயாளிகளின் இரத்த நாளத்தில் உப்புநீரை ஏற்றிச் சிலரை எழுப்பினார். இன்று நாம் ‘சேலைன்’ என்கிறோமே, அதுதான். மறுவருடமே லாட்டா காசநோயால் இறந்தார். செய்முறையைக் கையில் எடுக்க அடுத்த ஆள் இல்லை. பல்லாண்டுகள் அது கிடப்பில் கிடந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் மானிப்பாயில் இறந்த பூரும் ஒருவர்.

தண்ணீர் என்றால் யாழ்ப்பாணத்தில் கிணறு. நமக்கு வற்றாத ஆறு இல்லை. மழை செம்மண்ணில் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தங்குகிறது. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிகட்டப்பட்டு இறங்கும். இந்தக் கல்லில் அப்படியில்லை. வெடிப்பு வழியே மேலேயுள்ளது நேரே கீழே போகும். ஒரு வளவில் ஊற்றியது பக்கத்து வளவுக் கிணற்றில் வந்து சேரும். கிணற்றடியில் நோயாளியின் துணியைத் தோய்த்தால், அந்த நீர் மறுபடியும் துலாவில் ஏறி வரும். இதோடு இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பல ஊர்க் கிணறுகளில் தண்ணீர் அள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. குடத்தோடு காத்து நின்று யாராவது ஊற்றினால் பெற்றுக்கொள்ளும் நிலையில் நம் மக்களில் ஒரு பகுதியினரை நாமே வைத்திருந்தோம். கிடைக்காத நாளில் அவர்கள் குளத்து நீரையும் குட்டை நீரையும் குடித்தார்கள். கொள்ளைநோய் வந்தபோது முதலில் யாரைத் தாக்கியிருக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

பூர் இறந்த அதே மானிப்பாயில் ஒரு நல்ல வைத்தியர் இருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல், இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணம் வந்தவர். தன் அணியின் மூத்தவரை அவராலும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வேறொன்றை அவர் ஏற்கனவே தொடங்கியிருந்தார். 1848 முதல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்பித்து வந்தார். 1864 இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் கற்று வைத்தியரானார்கள். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பாடநூல்கள் வரிசையாக வந்தன. 1873 இல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் வூஸ்ரரில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை.

கிறீனைத் தமிழ் அறிவியலின் முன்னோடி என்று மேடைகளில் புகழ்கிறோம். புகழ வேண்டியவர்தான். ஆனால் அந்தப் புகழுரைகள் எனக்குப் போதவில்லை. வாரனுக்கும் றிச்சட்ஸுக்கும் நேர்ந்ததை அந்த மிஷனில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று வல்லவர்களை நம்பி ஒரு நாட்டின் உடல்நலத்தை வைக்க முடியாது. அவர்கள் விழுந்தால் எல்லாம் விழும். கிறீன் கட்டியது இரண்டாவது வரிசை. அவரிடம் கற்றவன் தன் ஊரில், தன் சனத்தின் நடுவில், அவர்கள் பேச்சில் பேசி வைத்தியம் செய்வான். ஒருவன் படுத்தால் அடுத்த ஊரில் இன்னொருவன் இருப்பான். 1866, 67 ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டைப் பிடித்தபோது மருந்தோடு ஊர்களுக்குள் இறங்க அந்த மாணவர்கள் இருந்தார்கள். நோயின் காரணம் அப்போதும் தெரியாது. அவர்களிடம் இருந்த மருந்துகளும் பெரிதாக உதவக்கூடியவை அல்ல. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியே செத்த குடும்பங்களுக்கு நடுவே, வாசலில் வந்து கூப்பிட ஒருவர் இருந்தார்.

காசநோய்க் கிருமியை 1882 இல் ரொபேட் கொக் கண்டார். வாந்திபேதிக் கிருமியையும் அவரே கல்கத்தாவிலிருந்து 1884 இல் அறிவித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் கிறீன் காலமானார். வாந்திபேதிக்கு எளிய மருந்து சாதாரண மக்கள் கைக்கு வர இன்னும் எண்பத்தேழு ஆண்டு ஆயிற்று. 1971 இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலநாபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோஸையும் அளவாகக் கலந்து தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் தாய்மார் கையிலும் உறவினர் கையிலும் கொடுத்து, அவர்களையே பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளில் ‘ஜீவனி’ பைக்கற்றாக இருப்பது அதுவே. அந்த முகாமில் தாய்மாரே இரண்டாம் வரிசையாக நின்றார்கள்.

இப்போது அண்மைக்கு வருகிறேன். 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் குடாநாடு வெள்ளக்காடானது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்களில் குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். வடமராட்சியில், கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கத்தில் நோயாளிகள் அதிகம். பத்திரிகைகள் மர்மக் காய்ச்சல் என்று எழுதின. உழைக்கும் வயதில் உள்ளவர்கள், திடமான உடம்புக்காரர்கள், இரண்டு மூன்று நாளில் போனார்கள். நுரையீரலுக்குள் இரத்தம் கசியும் நோய் அது.

மர்மம் நீடிக்கவில்லை. இரத்த மாதிரிகள் பரிசோதனைக்குப் போயின. சில நாட்களிலேயே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீரகத்தில் வாழும் கிருமி. சிறுநீரோடு வயல் நீரில் கலந்து, கால் வெடிப்பு வழியே, சிராய்ப்பு வழியே உடம்புக்குள் போகும். காலபோக நெல்லுக்குக் களை பிடுங்க முழங்கால் தண்ணீரில் நிற்கும் கமக்காரர்தான் அதற்கு முதல் இலக்கு. பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வயற்கரைகளுக்குப் போய் டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தார்கள். 2008 இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை இதே நோய் பிடித்தது. வயலில் இறங்குமுன் மாத்திரை என்ற பாடம் அப்போதே தென்னிலங்கையில் கற்கப்பட்டிருந்தது. அந்தப் பாடம் வடமராட்சி வயலுக்கு இந்தச் சாவுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கவலை ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்களைக் குறை கூறமாட்டேன். அவரவர் குடும்பம் அவரவருக்கு. ஆனால் இரண்டாம் வரிசை மெலிகிறது. காணிகளும் சுருங்குகின்றன. இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் மலக்குழியும் வந்துவிட்ட காலம் இது. கீழே இருப்பது அதே சுண்ணாம்புக் கல்.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டு இந்தத் தொகையில் ஒரு பகுதியை உரைக்குச் செலவிடாமல் 2024 காய்ச்சலை எழுத்தில் பதியச் செலவிடுங்கள். முதல் நோயாளி எந்த வைத்தியசாலைக்கு எத்தனையாம் நாளில் வந்தார், எலிக்காய்ச்சல் என்று முதலில் சந்தேகித்தவர் எதைக் கண்டு சந்தேகித்தார், மாத்திரை எந்தக் கமத்துக்கு எப்போது போனது, வாங்க மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று எல்லாவற்றையும் தமிழில், ஒரு சிறு நூலாக. பெயர்கள் வேண்டாம், நாளும் இடமும் போதும். ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் ஒவ்வொரு பிரதி, மழை தொடங்குமுன். அந்த நாட்களில் வயற்கரையில் நின்ற உத்தியோகத்தர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இடமாற்றம் வருவதற்குள் கேட்டு எழுதத் தொடங்குங்கள். மருத்துவ பீட மாணவர்கள் யாராவது முன்வந்தால் என்னிடமுள்ள குறிப்புகளையும் இன்றே கொடுக்கிறேன்.