காற்று அழித்த ஊர்



கடலில் தோன்றும் புயலின் வருகையைச் சில நாட்களுக்கு முன்னரே அறிந்துகொள்ளலாம். இடிமேகத்தினின்று தூண்போல் நிலத்தில் இறங்கும் ‘டொர்னேடோ’ என்னும் சுழல்காற்றோ, பெரும்பாலும் சில நிமிடங்களே அவகாசம் தருகிறது. அத்தகைய காற்றினால் அழிந்த ஓர் ஊர் மீண்டும் எழுந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், சமவெளி நடுவே அமைந்தது கிரீன்ஸ்பர்க் என்னும் சிற்றூர். 2007-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்காற்று அவ்வூரின் மீது பாய்ந்தது. அபாயச் சங்கு முன்னரே ஒலித்தமையால் மக்கள் நிலவறைகளில் புகுந்து உயிர் தப்பினர். எனினும் 11 பேர் அக்காற்றுக்கு இரையாயினர். ஊரில் நூற்றுக்கு 95 பங்கு தரைமட்டமாயிற்று.

வீடிழந்தோர் அயலூர்களில் சிதறியிருந்தனர். அவர்கள் திரும்பி வந்து ஒரு பெரிய கூடாரத்தின் கீழ்க் கூடினர். ஊரை மீண்டும் எழுப்புவதா, எவ்வாறு எழுப்புவது என்று பலமுறை கலந்து பேசினர். ஆகஸ்டு மாதத்திலேயே தற்காலிகக் கொட்டகைகளில் பள்ளி நடைபெறலாயிற்று. பெரிய பொதுக் கட்டடங்கள் யாவும் எரிபொருட் சிக்கனத்தில் மிக உயர்ந்த தரம் உடையனவாய் அமைய வேண்டும் என நகர மன்றம் தீர்மானித்தது. ஊரை அழித்த காற்றும் ஊருக்கு உழைக்கலாயிற்று: 2010-இல் அமைந்த 10 காற்றாலைகள் 12.5 மெகாவாட் திறன் உடையவை.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2000-ஆம் ஆண்டில் அவ்வூரின் மக்கள்தொகை 1,574, 2010-இல் 777, 2020-இல் 740. இளைஞர் ஊரைவிட்டு வெளியேறுவது காற்றுக்கு முன்னரே தொடங்கியதுதான். காற்றுக்குப் பின்னரோ, முதியோர் பலர் இன்னொரு முறை வீடு கட்டத் துணியவில்லை. வாடகைக்கு இருந்தோருக்குத் திரும்பி வந்து குடியேற, பழைய வாடகையில் வீடு இல்லை.

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். புதிய இடத்தில் வீடு சில நாட்களில் கிடைத்துவிடும். அண்டை அயலார் உறவு அமையப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே துயர் துடைக்கும் பணியில் ஈடுபடுவோர், சொந்த வீடு உடையவரை மட்டும் எண்ணாமல், குடியிருந்தவரையும் சிறுகடை வைத்திருந்தவரையும் முதலிலேயே கணக்கிற் கொள்ள வேண்டும். கட்டடம் நிறைவுறும் வரை அவர்கள் காத்திருக்க இயலாது. ஒருமுறை வேறிடத்தில் வேரூன்றினால் திரும்பி வருவது அரிது.